கிராப்பி மீனும் ஸ்டெல்லாவும்

போன சனிக்கிழமை காற்று என்றால் அப்படி ஒரு காற்று. நியூஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷனில் நாங்கள் இருக்கும் டவுன்ஹவுஸ் வரிசையில் குப்பைத் தொட்டிகள் எல்லாம் தெருவில் உருண்டு கிடந்தன. எதிர் வீட்டுத் தொட்டி எங்கள் வாசலில், எங்கள் தொட்டி யார் வாசலிலோ. வீட்டுக்குள் அடைந்து கிடந்தால் மகள் ஐபேடைக் கீழே வைக்க மாட்டாள் என்று அவளை இழுத்துக்கொண்டு பக்கத்துப் பார்க்குக்குப் போனேன். அங்கே ஒரு ஏரி உண்டு. ஏரி என்பது மரியாதைக்குச் சொல்வது. எங்கள் கரூர்ப் பக்கம் அதைக் குட்டை என்றுதான் சொல்வார்கள்.

கரையில் ஒருவர் மடக்கு நாற்காலி போட்டு, ஒரு கையில் தூண்டிலும் மறு கையில் தலைத் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தார். காலடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி. அதைத் தாண்டும்போது அந்த வாடை வந்தது. இரைக்கு வைக்கும் பொடிமீன் நீந்துகிற தண்ணீருக்கென்று ஒரு வாடை இருக்கிறது. மீன் மார்க்கெட் வாடை இல்லை, அதைவிட இளசு. பாசி பிடித்த தொட்டியில் பழைய ஐந்து பைசாவைப் போட்டு வைத்த மாதிரி இருக்கும். மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இட் ஸ்டிங்க்ஸ்!" என்றாள். எனக்கு நாறவில்லை. நான் நின்றுவிட்டேன்.

என்ன மீன் என்று அவரிடம் கேட்டேன். பேசாமல் நடையைக் கட்டியிருக்கலாம், கேட்டுத் தொலைத்தேன். கிராப்பி என்றார். காற்று மட்டும் கொஞ்சம் அடங்கினால் கிடைக்கும் என்றார்.

"டிட் யூ எவர் ஃபிஷ், அம்மா?" என்று மகள் கேட்டாள்.

"இல்லடா கண்ணு. எனக்கு அதெல்லாம் தெரியாது."

வாய் கூசாமல் ஒரு பொய். கிராப்பிக்குக் கடுதாசி மாதிரி மெல்லிய வாய், வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துபோய் மீன் தப்பிவிடும் என்பது எனக்குத் தெரியும். எந்த மரம் பூத்தால் அது கரைக்கு வரும் என்பது தெரியும். தக்கை தண்ணீருக்குள் போகாமல் சும்மா பக்கவாட்டில் படுத்துக்கொண்டாலும் மீன் கவ்விவிட்டது என்று அர்த்தம், ஏனென்றால் அது கீழேயிருந்து மேல்நோக்கி வந்து இரை எடுக்கிற மீன் என்பதும் தெரியும். இவ்வளவும் தெரிந்த ஒருத்தி பெற்ற பிள்ளையிடம் தெரியாது என்று சொல்கிறாள் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் அல்லவா? காரணத்தின் பெயர் ஸ்டெல்லா.

அப்போது நாங்கள் டெக்சஸில், இர்விங்கில் இருந்தோம். இந்தியாவிலிருந்து இறங்குகிற கூட்டம் முதலில் போய் விழுகிற அபார்ட்மென்ட்கள் அங்கே வரிசையாக உண்டு. எங்களுடையதும் அதில் ஒன்று. மாடிப்படி ஏறும்போதே எந்த வீட்டில் சாம்பார், எந்த வீட்டில் கோங்குரா என்று சொல்லிவிடலாம். மீன் வறுக்கும் நாளில் ஸ்மோக் அலாரத்துக்கு ஷவர் கேப் மாட்டிவிடுவோம். அது சட்டப்படி குற்றம் என்பது பின்னால்தான் தெரிந்தது. தெரிந்த பிறகும் மாட்டினோம், அது வேறு விஷயம்.

ஸ்டெல்லா எங்களுக்கு அடுத்த பிளாக்கில் தனியாக இருந்தாள். தூத்துக்குடிக்காரி. என்னைவிட ஒரு வயது சின்னவள், என் டீம்தான், எனக்கு எட்டு மாதம் பிந்திச் சேர்ந்தவள். லாஸ் கொலினாஸில் இருந்த ஆபீசுக்கு என்னைத் தினமும் அவள்தான் தன் காரில் கூட்டிப்போவாள். எனக்கு லைசென்ஸ் இருந்தது, ஆனால் ஃப்ரீவேயில் ஏறப் பயம். ஒரு தடவை ஏறினேன், இறங்க வேண்டிய எக்ஸிட்டை விட்டுவிட்டு அழுதுகொண்டே டாலஸ் வரைக்கும் போனேன். அதோடு சரி. காலை எட்டரைக்கு ஸ்டெல்லாவின் ஹாரன், சாயங்காலம் அவள் காரில் அவளுடைய மாதா பாட்டுகள். அந்தப் பாட்டுகள் எல்லாம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டன. என் வீட்டுக்காரர் பாத்திரம் கழுவிக்கொண்டே, "என்ன புள்ள, மதம் கிதம் மாறிட்டியா?" என்று கேலி செய்வார்.

பாத்திரம் கழுவினார் என்று சொன்னேன் அல்லவா, அங்கேதான் கதையின் முடிச்சு. அவர் ஊரில் சிவில் இன்ஜினியர். பாலம் கட்டின மனுஷன். என்னைக் கட்டிக்கொண்டு எச்-4 விசாவில் வந்தார். எச்-4 என்றால் இந்த நாட்டில் மூச்சு விடலாம், கடைக்குப் போகலாம், வேலைக்கு மட்டும் போகக் கூடாது. மனைவியின் கிரீன் கார்டு பேப்பர் ஒரு கட்டத்தைத் தாண்டினால் கணவனுக்கு வேலை செய்ய அனுமதி உண்டு என்று சட்டம் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அதை நம்பி அவர் லைப்ரரியில் போய் உட்கார்ந்து இந்த ஊர் இன்ஜினியரிங் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். என் பேப்பரை என் கம்பெனிதான் ஃபைல் பண்ண வேண்டும். என் வேலை விசா எச்-1, அது ஆறு வருஷம்தான். ஐந்தாவது வருஷம் முடிவதற்குள் ஃபைல் ஆகவில்லை என்றால் ஆறாவது வருஷ முடிவில் இரண்டு பேரும் பெட்டி கட்ட வேண்டும். எனக்கு நாலு வருஷமும் சில மாதமும் ஓடியிருந்தது. எங்கள் கம்பெனியில் ஒரு டீமிலிருந்து வருஷத்துக்கு ஒருவருக்குத்தான் ஃபைல் பண்ணுவார்கள். அந்த வருஷம் என் முறை. டீமில் எல்லோருக்கும் தெரியும், ஸ்டெல்லாவுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். அவளுக்கு அப்போதுதான் மூன்றாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது.

யாருக்கு ஃபைல் பண்ணலாம் என்று மேலே சொல்கிறவர் எங்கள் மேனேஜர் டேல். பெல்ட்டில் பெரிய பித்தளைப் பக்கிள் போட்ட டெக்சஸ்காரர், தங்கமான மனுஷன். கிராப்பி பைத்தியம். எங்கள் ஆபீஸ் பார்க்கிங்கில் ரெட்பட் என்று ஒரு மரம் நின்றது. மார்ச் மாதம் ஒரு இலைகூட இல்லாமல் கிளை முழுக்க ரோஸ் கலரில் பூத்துத் தள்ளும். அது பூத்த அன்றைக்கு டேல் மீட்டிங்கை நிறுத்திவிட்டு ஜன்னலைக் காட்டுவார். கிராப்பி முட்டையிடக் கரைக்கு வந்தாச்சு, யாருக்கும் இனி வேலை ஓடாது என்பார். அவருக்குத்தான் ஓடாது, எங்களுக்கு ஓடியாக வேண்டும்.

ஸ்டெல்லா தூத்துக்குடி என்று தெரிந்ததும் டேல் வரைபடத்தில் அந்த ஊரைத் தேடிப் பார்த்து, கடற்கரை ஊர், அப்படியென்றால் மீன் பிடிக்கத் தெரிந்திருக்குமே என்று குதித்துவிட்டார். ஸ்டெல்லா தெரியும் என்று சொல்லிவிட்டாள். என்னிடம் வந்து தலையில் கை வைத்துக்கொண்டு, "தூத்துக்குடின்னா தூண்டிலோடவா பொறந்தோம்? எங்கப்பா ஹார்பர்ல கிளார்க். மீன வாங்கித்தான் பிள்ள தின்னிருக்கோம்!" என்றாள். அப்புறம் இரண்டு பேரும் யூடியூப் பார்த்துத்தான் முடிச்சுப் போடவே கற்றோம். மீன் பிடிக்க லைசென்ஸ் எடுக்கப் போன கடையில் உயரம், எடை, கண் நிறம் எல்லாம் கேட்டார்கள். நான் எடையில் பத்து பவுண்டு குறைத்துச் சொன்னேன். ஸ்டெல்லா பக்கத்தில் நின்று, "மீன் வந்து வெயிட் பாக்கவா போவுது?" என்று கிசுகிசுத்தாள். கவுன்ட்டர் பையன் என்ன என்று புரியாமல் விழித்தான்.

இப்படி இரண்டு வசந்தம் போனது. கரையில் நாங்கள் இரண்டு பேரும் பேசாத பேச்சு இல்லை. அவளுக்கு வந்த மாப்பிள்ளைகள், எனக்குப் பிள்ளை தங்காமல் போனது, என் மாமியார், அவள் அண்ணி. மீன் பிடிக்கிற இடத்தில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு பேரும் தக்கையைப் பார்த்துக்கொண்டே பேசலாம். அதனாலேயே என்னவோ எல்லாம் வந்து விழும். கூடப் பிறந்தவளிடம் சொல்லாததை எல்லாம் நான் அவளிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அந்தக் காற்று நாளுக்கு வருகிறேன். மார்ச் கடைசி சனிக்கிழமை. வட டெக்சஸ் வசந்தக் காற்றை அனுபவித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கார்க் கதவைத் திறந்தால் கதவோடு நம்மையும் இழுக்கும். நாற்பது நிமிஷம் டிரைவ் பண்ணி ஏரிக்குப் போய்ச் சேர்ந்தால் தண்ணீர் முழுக்க நுரை. வேறு ஒரு ஈ காக்கா இல்லை. திரும்பிவிடலாம் என்றேன். ஸ்டெல்லா கேட்கவில்லை. பாறைகளுக்குப் பின்னால் காற்று சற்று மட்டுப்பட்ட ஒரு மூலையைப் பிடித்தாள். அங்கேயும் தூண்டிலை வீசினால் நூல் வில்லாக வளைந்து எங்கேயோ போய் விழுந்தது. அலையில் தக்கை ஓயாமல் குதித்தது. மீன் கடித்ததா, காற்று ஆட்டியதா என்று கடவுளுக்கே தெரியாது. என் தூண்டில் முள் ஒரு தடவை அவள் துப்பட்டாவிலும் ஒரு தடவை என் தலைமுடியிலும் மாட்டியது.

அன்றைக்குக் காலையில் அம்மாவிடம் பேசியிருந்தேன். கரூரில் அம்மா தனி. முழங்கால் வலி, மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குகிறேன் என்று சொன்னார். போனை வைக்கும்போது வழக்கம்போல, "எப்ப கண்ணு வருவே?" என்றார். நானும் வழக்கம்போல, "ரெண்டு வருசந்தாம்மா. வந்துர்றோம்" என்றேன். அது மனதில் கிடந்து அரித்துக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரம் ஒரு மீன் இல்லை, கண்ணில் மண், காது அடைத்துவிட்டது. என் தொப்பியும் பறந்துபோய் ஏரிக்குள் விழுந்தது. அதைப் பார்த்து ஸ்டெல்லா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"போதும்டி இந்த ஊரு! ரெண்டே வருஷம். மூட்டையக் கட்டிட்டு கரூருக்கே போயிடறேன். எங்கப்பா வாங்கிப் போட்ட எடம் அமராவதிப் பக்கம் சும்மாதான் கெடக்குது. ஒரு வீட்டக் கட்டி, ரெண்டு எருமையப் புடிச்சுட்டு வந்து, அம்மாவோட நிம்மதியா உக்காந்துக்கறேன்."

"ஆமா, நீ எரும மேய்ச்சிட்டாலும்!" என்றாள் ஸ்டெல்லா. "எருமைக்கும் ஃப்ரீவே தாண்டணும்னா நான்தான் வரணும்."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடிப்பதற்குள் என் தக்கை படுத்துக்கொண்டது. "இழுக்காத பிள்ள, இழுக்காத! வாய் கிழிஞ்சிரும். மெதுவா சுத்து" என்று அவள் கத்த, நான் மெதுவாகச் சுற்றினேன். உள்ளங்கையைவிட நீளமாக, வெள்ளியில் கறுப்புப் புள்ளி தெளித்த மீன். அதன் பின் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பத்து அங்குலத்துக்குக் குறைந்ததை விட்டுவிட்டு, மிச்சத்தை அன்று சாயங்காலமே மிளகாய்த்தூளும் அரிசி மாவும் எலுமிச்சையும் பிரட்டி வறுத்தோம். வீட்டுக்காரர் நின்றபடியே நாலு துண்டு தின்றார். அந்த நாளைப் போல் நான் டெக்சஸில் சந்தோஷமாக இருந்த நாள் வேறு கிடையாது. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

இந்த "ரெண்டு வருஷம்" பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா என்ன? அமெரிக்காவில் அதைச் சொல்லாத தமிழரை நான் பார்த்ததில்லை. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவருகிற பாட்லக்கில் பிரியாணித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வார்கள். ஐந்து பெட்ரூம் வீட்டுக்குச் சாவி வாங்கிய அன்று, கிரகப்பிரவேசப் பொங்கலைச் சாப்பிட்டுக்கொண்டே சொல்வார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு அங்கிள் இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், சொல்லிக்கொண்டே கொல்லையில் நீச்சல் குளம் தோண்டினார். யாரும் யாரையும், "சொன்னீங்களே, ஏன் போகல?" என்று கேட்டது கிடையாது. "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கிறவர் நம் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்கவா கேட்கிறார்? அது மாதிரிதான் இதுவும். ஊர் ஞாபகம் வந்தால் வருகிற பெருமூச்சு. ஸ்டெல்லாவும் சொல்வாள், வாரத்துக்கு மூன்று தடவை. பனிமய மாதா தேர் வருகிற ஆகஸ்ட் மாதத்தில் தினமும் சொல்வாள்.

மூன்று வாரம் கழித்து டேல் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஃபைலிங் விஷயம்தான் என்று நினைத்து, நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு வந்ததற்குச் சந்தோஷப்பட்டேன். வீட்டுக்காரருக்குப் போகிற போக்கில், 'கூப்பிட்டாச்சு' என்று மெசேஜ்கூடப் போட்டேன்.

டேல் எழுந்து வந்து கை கொடுத்தார். என்னை நினைத்து ரொம்பச் சந்தோஷம் என்றார். இந்தக் காலத்தில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்குப் போகிற பிள்ளைகள் எத்தனை பேர் என்றார். தன் அம்மா அமரில்லோவில் முதியோர் ஹோமில் இருப்பதாகவும், அதை நினைத்தால் தனக்கு வெட்கமாக இருப்பதாகவும் சொன்னார். அவர் கண் நிஜமாகவே கலங்கியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் தன் உச்சரிப்பில் கேட்டார்: காரூரில் எருமை வளர்க்கப் போகிறாயாமே, எத்தனை எருமை?

அந்தக் கேள்வியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. எப்படித் தெரியுமா? அந்த ஆபீசில் நான் கரூர் என்று யாரிடமும் சொன்னதே இல்லை. அமெரிக்கர்கள் கேட்டால் நாம் எல்லோரும் சென்னைதானே? மதுரையும் சென்னை, நாகர்கோவிலும் சென்னை. டேலுக்கும் நான் சென்னைக்காரி. எருமையைப் பற்றி என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் பேசியிருக்கிறேன், அந்தப் பாறை மூலையில், அந்தக் காற்றில். அங்கே என்னைத் தவிர ஒரே ஒருத்திதான் இருந்தாள்.

நான் போகப் போவதில்லை என்றேன். டேல் குழம்பினார். அப்படிச் சொல்லவே இல்லையா என்று கேட்டார். சொன்னேன் என்றேன். சொன்னாய், ஆனால் போகப் போவதில்லையா என்றார். அது நாங்கள் சும்மா சொல்வது, எல்லோரும் சொல்வார்கள், அதற்கு அர்த்தம் கிடையாது என்றேன். என் இங்கிலீஷ் அப்படி ஒன்றும் மோசமில்லை, ஆனால் அன்றைக்கு அதை இங்கிலீஷில் சொல்லச் சொல்ல எனக்கே நான் புளுகுகிற மாதிரி இருந்தது. ஏதோ கிரீன் கார்டுக்காக அம்மாவைக் கைவிடுகிற பெண்ணைப் பார்ப்பதுபோல் டேல் என்னைப் பார்த்தார். ஸ்டெல்லா பெயரைப் போன வாரமே வக்கீலுக்கு அனுப்பிவிட்டதாகவும், அடுத்த வருஷம் கண்டிப்பாக எனக்குத்தான் என்றும் சொன்னார். அடுத்த வருஷம் எனக்குப் பிரயோஜனம் இல்லை என்றேன். அவர் ரொம்ப வருத்தப்பட்டார். வருத்தப்பட்டு என்ன செய்ய?

என் சீட்டுக்கு வந்தால் போனில் வீட்டுக்காரர் இரண்டு தடவை, 'என்னாச்சு?' என்று கேட்டிருந்தார். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

சாயங்காலம் ஐந்தரைக்கு அவள் காரில்தான் ஏறினேன். வேறு வழி? அந்த அவமானத்தை நினைத்துப் பாருங்கள். கழுத்தை அறுத்தவளின் காரில் சீட் பெல்ட் போட்டு உட்கார வேண்டும். மாதா பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஃப்ரீவேயில் ஏறின பிறகு நானே அதை நிறுத்தினேன்.

"ஸ்டெல்லா, நான் ஊருக்குப் போறேன்னு டேல்கிட்ட சொன்னியா?"

கண்ணாடியைப் பார்த்து லேன் மாற்றினாள். "அவராத்தான் கேட்டாரு பிள்ள. அவ லாங் டெர்ம் இருப்பாளான்னு."

"அதுக்கு?"

"நீ சொன்னதத்தான் சொன்னேன். நானா ஒண்ணும் சேத்துச் சொல்லல."

"அது சும்மா சொன்னதுன்னு உனக்குத் தெரியாதா?"

இரண்டு எக்ஸிட் போனது.

"தெரியாதாடி?"

"உன் மனசுல என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

இந்த ஒரு வார்த்தையைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. பயந்துட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆசைப்பட்டுட்டேன் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். முந்தின கம்பெனியில் லே-ஆஃப் ஆகி, அடுத்த வேலை கிடைக்கிறவரை தூங்காமல் கிடந்தவள் அவள், எனக்கு அது புரியாதா? சண்டை போட்டுவிட்டு ஒரு மாதத்தில் பேசியிருப்பேன். என் மனசு தெரியாதாம். என் கரு கலைந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் என்னைத் தாங்கிப் பிடித்தவளுக்கு என் மனசு தெரியாதாம்! எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

அபார்ட்மென்ட் வாசலில் காரை நிறுத்தினாள். நான் இறங்கினேன். கதவைச் சாத்தப் போகும்போது முன்னால் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டாள்: "காலைல எட்டரைக்கு வரட்டுமா?"

தூ என்று துப்பிவிட்டுப் போயிருக்க வேண்டும். "வா" என்றேன். அதற்கப்புறம் இரண்டு மாதம் அவள் காரில்தான் ஆபீஸ் போனேன். பாட்டு கிடையாது, பேச்சு கிடையாது. ஒரே ஒரு நாள், "சாட்டர்டே காத்து இல்லையாம், லேக் போவமா?" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்காரரிடம் அன்றிரவு எல்லாவற்றையும் கொட்டினேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தினால் எனக்கும் நன்றாக இருந்திருக்கும். "விடு புள்ள" என்றார். மறுநாள் லைப்ரரிக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. பரீட்சைப் புத்தகத்தை மைக்ரோவேவுக்கு அடியில் ஆடாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்ததைப் பார்த்தபோதுதான் நான் அழுதேன்.

பார்சிப்பனியில் ஒரு கன்சல்டன்சி, வந்தவுடன் ஃபைல் பண்ணுகிறோம் என்று சொன்னது. விழுந்தடித்துக்கொண்டு நியூஜெர்சி வந்தோம். நாள் நெருங்கி மூச்சு முட்டுகிற நேரத்தில் ஃபைல் ஆனது. அவருக்கு வேலை செய்ய அனுமதி வர மேலும் இரண்டு வருஷம் பிடித்தது. அதற்குள் அவருடைய கைப்பழக்கமும் போயிருந்தது, தைரியமும் போயிருந்தது. தன்னைவிடப் பத்து வயது சின்னவனுக்கு அசிஸ்டென்ட்டாகத்தான் ஆரம்பித்தார். இன்றைக்கு நன்றாகத்தான் இருக்கிறோம், குறை சொல்லக் கூடாது. மகள் இங்கே வந்த பிறகு பிறந்தவள். கிரீன் கார்டு வரிசையில் இன்னும் நிற்கிறோம். ஸ்டெல்லா டாலஸில் வீடு வாங்கி, கல்யாணம் ஆகி, இரண்டு பையன்கள் என்று யாரோ சொன்னார்கள். நான் கேட்கவில்லை, அவர்களாகச் சொன்னார்கள்.

என் கடைசி நாளில் டீம் லஞ்சில் அவள் எல்லோர் முன்னாலும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். டேல் போட்டோ எடுத்தார். நானும் கட்டிக்கொண்டேன், சிரிக்கவும் செய்தேன். அவள் மேல் இருக்கிற கோபத்தில் பாதி என் மேல் எனக்கு இருப்பது அதனால்தான்.

அதற்குப் பிறகு நான் தூண்டிலைத் தொடவில்லை. அது பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. இங்கே மீன் வேண்டுமென்றால் கடையில் வெட்டியே கொடுக்கிறார்கள். நட்பு என்று யாரும் அமையவில்லை, டேகேர் வாசலில் பேசிக்கொள்கிற பெண்கள் இருக்கிறார்கள், போதும். போனது வேறு ஒன்று. அது போனதே எனக்கு ரொம்ப நாள் தெரியவில்லை. நான் வாயைப் பூட்டிவிட்டேன். பாட்லக்கில் யாராவது, "இன்னும் ரெண்டே வருஷம்" என்று ஆரம்பித்தால் தண்ணீர் எடுக்கப் போவதுபோல் எழுந்துவிடுவேன். எந்த வார்த்தையை யார் எங்கே கொண்டுபோய் வைப்பார்களோ என்று ஒரு பயம். வெளியாட்களிடம் மட்டும்தான் அப்படி என்று நினைத்திருந்தேன்.

அம்மா இப்போது இல்லை. போன ஐப்பசியில் போய்விட்டார். அதற்கு ஒரு மாதம் முன்னால் என்று நினைக்கிறேன், வழக்கமான சனிக்கிழமை போன். முழங்கால், மாத்திரை, பக்கத்து வீட்டுக் கல்யாணம் எல்லாம் பேசி முடித்து, "எப்ப கண்ணு வருவே?" என்றார்.

"பாக்கலாம்மா" என்றேன்.

அம்மா டிவி சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

"முன்னயெல்லாம் ரெண்டு வருசத்துல வந்துர்றேன்னாவது சொல்லுவே" என்றார். "இப்ப அதுகூட சொல்றதில்ல."

"சும்மா சொல்லி என்னம்மா ஆகப்போவுது?"

"நெசமாவா கேட்டேன் கண்ணு? நீ சும்மா சொல்றீன்னு எனக்குத் தெரியாதா? அதக் கேட்டுட்டுப் போய்ப் படுத்தா நல்லாத் தூக்கம் வரும், அவ்வளவுதான்."

சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன். வரவில்லை. அங்கே மழை உண்டா என்று கேட்டேன்.